முன்னணையருகே நின்ற புலவர்

ஜேர்மன் நாட்டு ஞானப்பாடல் ஆசிரியர்களுள் தலைசிறந்தவரான பவுல் கெர்ஹார்ட்டைப் பற்றி நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. பேர்லின் நகரில் அரசரின் ஆணைக்குப் பணிய மறுத்துப் பதவி இழந்த அக்குருவானவர், தம் மனைவியோடு கால்நடையாக ஊரைவிட்டு வெளியேறுகின்றார். இரவில் ஒரு சத்திரத்தில் இருவரும் தங்குகின்றனர். நாளை உணவுக்கு வழியென்ன என்று மனைவி அழுகின்றாள். அவளைத் தேற்றும் வகையறியாத கணவர் தோட்டத்துக்குச் சென்று, ஓர் ஆசனத்தில் அமர்ந்து, இறைவனின் பராமரிப்பைப் போற்றும் பாடல் ஒன்றை இயற்றி வந்து அவளுக்குப் படித்துக் காட்டுகின்றார். அன்றிரவே மேர்ஸபேர்க் கோமகனின் தூதுவர் இருவர் புதிய பதவிக்கான ஓலையுடன் அச்சத்திரத்துக்கு வந்து சேர்கின்றனர்.

கதை அழகியது, ஆயின் உண்மையன்று. அப்பாடல் 1653 ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. கெர்ஹார்ட் பதவி இழந்ததோ 1666 இல். பதவி இழந்த பின்னரும் அவர் பேர்லினிலேயே வாழ்ந்தார். 1669 இல் அவர் அந்நகரை விட்டுப் புறப்பட்டபோது, சத்திரத்தில் அழுவதற்கு அவர் மனைவி உயிருடன் இருக்கவில்லை.

கட்டுக்கதையென்று இதனைத் தள்ளிவிட்டுப் போகலாம். எனினும் இக்கதை பிறந்த காரணம் எனக்குச் சிந்தனைக்குரியதாகத் தோன்றுகின்றது. துன்பம் முதலில் வரவேண்டும், அதன் பின்னர் ஆறுதற் பாட்டு வரவேண்டும், பாட்டுக்குப் பரிசாகத் துன்பம் நீங்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். கெர்ஹார்ட்டின் வாழ்வு அந்த ஒழுங்கில் நடக்கவில்லை. அவருடைய மகிழ்ச்சிப் பாடல்களில், நத்தார்ப் பாடல்களில், மிகப் பெரும்பாலானவை முன்னர் வந்தன. அவரைத் தனிப்பட வாட்டிய துயரங்கள் பின்னர் வந்தன. ஆகவே, தாம் எழுதிய பாட்டுக்குக் கீழே தாமே வாழவேண்டிய கட்டாயம் அம்மனிதருக்கு ஏற்பட்டது. அவ்வாழ்வைத் தேதிகளின் ஒழுங்கிலேயே வைத்துப் பார்க்க விரும்புகின்றேன்.

பவுல் கெர்ஹார்ட் 1607 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12 ஆம் நாள், சக்சனி நாட்டில், விற்றன்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள கிரேபன்ஹைனிகன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் நகர முதல்வர்களுள் ஒருவர். தாயார் குருமார் குடும்பத்தில் வந்தவர். பையனுக்குப் பதினொரு வயதானபோது, 1618 இல், முப்பதாண்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு தந்தை இறந்தார்; 1621 இல் தாயும் இறந்தார். பதினான்கு வயதில் அநாதையான கெர்ஹார்ட், கிரிம்மா என்னுமிடத்திலிருந்த அரச பாடசாலையில் 1622 முதல் 1627 வரை கல்வி கற்றார். 1628 ஜனவரியில் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தார்.

விற்றன்பேர்க், மார்ட்டின் லூதர் போதித்த இடம். கெர்ஹார்ட்டின் காலத்தில் அங்கே இன்னொரு சிறப்பும் இருந்தது. ஜேர்மன் மொழியின் யாப்பு அப்பொழுதுதான் புதிதாக வகுக்கப்பட்டுக் கொண்டிருந்தது. சொற்களின் இயல்பான அழுத்தம் எங்கே விழுகின்றதோ அங்கேயே செய்யுளின் தாளமும் விழவேண்டும் என்று மார்ட்டின் ஒப்பிற்ஸ் என்பார் 1624 இல் ஒரு நூல் இயற்றினார். அக்கொள்கையை ஏற்று வளர்த்த ஓகஸ்ட் புக்னர், விற்றன்பேர்க்கில் கவிதைப் பேராசிரியராக விளங்கினார். கெர்ஹார்ட்டின் பாடல்கள் இன்றும் நாவில் வழுக்கிச் செல்வதற்கு இந்தப் பயிற்சியே காரணம் எனலாம். பக்தி மட்டும் பாட்டாகிவிடாது என்பதை இலக்கிய அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

போர் அவர் பயின்ற நாட்டைத் தின்றுகொண்டிருந்தது. சமயத்தின் பெயரால் தொடங்கிய அப்போர், ஆண்டுகள் செல்லச் செல்ல எவர் எவரோடு ஏன் பொருதுகின்றார் என்பதே விளங்காத கொள்ளையாக மாறிற்று. சக்சனி நாடு 1635 இல் சக்கரவர்த்தியுடன் சமாதானம் செய்துகொண்டது. லூதரின் மார்க்கத்தைக் காக்க வந்தோம் என்று கூறிக்கொண்ட சுவீடன் படையினர், அதன் பயனாக, லூதரின் மார்க்கத்தையே பின்பற்றிய சக்சனியைப் பகைநாடாகக் கொண்டனர். 1637 ஏப்ரிலில் அவர்கள் கிரேபன்ஹைனிகனைக் கொளுத்தினர். வீடுகளும் தேவாலயமும் எரிந்தன. கெர்ஹார்ட் பிறந்த வீடும் சாம்பலாயிற்று. அதே ஆண்டில் அவருடைய சகோதரர் ஒருவர் கொள்ளைநோய்க்கு இரையானார்.

1643 ஆம் ஆண்டளவில் அவரைப் பேர்லின் நகரில் காண்கின்றோம். முப்பத்தைந்து வயது கடந்துவிட்டது, பதவியில்லை, மணமில்லை. அந்திரேயாஸ் பேர்த்தோல்ட் என்னும் வழக்கறிஞர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வீட்டாசிரியராக அவர் அமர்ந்தார். போருக்கு முன் ஏறக்குறைய 12,000 மக்கள் வாழ்ந்த பேர்லினில் அப்பொழுது எஞ்சியிருந்தோர் பாதிப்பேர் அளவினரே. பிரண்டன்பேர்க் நாட்டின் கிராமங்கள் பல ஆளற்றுக் கிடந்தன.

அந்நகரிலேதான் அவர் தம் வாழ்வின் பெரும் நட்பைக் கண்டார். புனித நிக்கொலாஸ் தேவாலயத்தின் இசைத் தலைவராக 1622 முதல் பணியாற்றிய யொகான் குரூகர், மக்கள் வீட்டிலும் பாடத்தக்க ஞானப்பாடல் தொகுதி ஒன்றை வெளியிட்டு வந்தார். அதன் 1647 ஆம் ஆண்டுப் பதிப்பில் கெர்ஹார்ட்டின் பாடல்கள் பதினெட்டு இடம்பெற்றன. நாற்பது வயதில் முதன்முதலாக ஒரு புலவர் உலகுக்கு அறிமுகமானார்! 1653 ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அவருடைய பாடல்கள் 82. இதற்கிடையே, 1648 ஒக்டோபரில், வெஸ்ற்பேலியா உடன்படிக்கையோடு போர் முடிந்தது. 1651 நவம்பரில் கெர்ஹார்ட் குருப்பட்டம் பெற்று, பேர்லினுக்குத் தெற்கேயுள்ள மிற்றன்வால்ட என்னும், போரினாற் சிதைந்த சிறுநகரின் தலைமைக் குருவானார்.

1653 ஆம் ஆண்டுத் தொகுதியை நான் சற்று விரித்துப் பேசவேண்டும். அவருடைய நத்தார்ப் பாடல்களில் மிகப் புகழ்பெற்ற இரண்டும், திருவருகைக் காலத்துப் பாடலும் அதிலேதான் முதன்முதலாக வெளிவந்தன. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். அப்பாடல்களைப் பாடியவர்களுள் வீடெரியக் கண்டவரும் உறவினரைப் புதைத்தவரும் நிறைந்திருந்திருப்பர். அவர்களிடம் போய் மகிழுங்கள் என்று ஒருவர் சொல்வது எளிதன்று. நத்தார் மகிழ்ச்சியைப் பாடும் அவருடைய பாடல், தொடக்கத்தில் வானவரின் ஆரவாரத்தோடு துள்ளி எழுகின்றது. ஆயினும் இடையிலே நின்று, துயரத்தில் மிதப்போரையும், குற்றவுணர்வால் நெஞ்சு புண்ணானோரையும், ஏழை எளியோரையும் வகைவகையாகக் கூப்பிடுகின்றது. அவர்களுக்காகவே அம்மகிழ்ச்சி வந்தது என்பது பாடலின் துணிபு. வாழ்க்கையில் நிறைவு பெற்றோர் கொண்டாடும் விழாவாக அவர் நத்தாரைக் காணவில்லை.

ஆயினும் என் உள்ளத்தை அதிகம் பிணித்தது மற்றைய பாடல். முன்னணையின் அருகே ஒருவர் தனியே நிற்கின்றார். கூட்டமில்லை, ஆயர் இல்லை, ஞானியரும் இல்லை. லூதரின் பாடல்கள் பெரும்பாலும் நாம் என்று சபையின் குரலில் ஒலிப்பவை. கெர்ஹார்ட்டின் பாடலில் நான் என்னும் குரல் கேட்கின்றது. ஜேர்மன் இலக்கிய ஆய்வாளர் இதனை ஒரு பெரும் மாற்றமாகக் கொள்வர். பக்திப் பாசுரங்களிலே ஊறிய தமிழ்ச் செவிக்கு இது புதுமையாகத் தோன்றாது. மணிவாசகரைப் பயின்றவர்கள் இந்தத் தனிக்குரலை உடனே இனங்கண்டுகொள்வர்.

அங்கே நிற்பவர் கையுறை கொண்டுவந்திருக்கின்றார். ஆனால் கொடுக்க அவரிடம் சொந்தமாக எதுவுமில்லை; குழந்தை தமக்கு முன்னர் தந்தவற்றையே திரும்பக் கொடுக்கவேண்டியிருக்கின்றது. குழந்தையைப் பார்க்கின்றார்; பார்த்துத் தீரவில்லை. பின்னர் ஒரு சுவையான இடம் வருகின்றது. குழந்தை கிடக்கும் வைக்கோலும் உலர்புல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவற்றை அகற்றிவிட்டு மலர்களைப் பரப்ப விரும்புகின்றார். பட்டும் செம்பட்டாடையும் அல்லவா இக்குழந்தைக்கு ஏற்றவை என்று வருந்துகின்றார். நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் தெய்வக் குழந்தைக்குப் பொன்னாலும் மணியாலும் தொட்டில் அமைப்பது மரபு. கெர்ஹார்ட்டின் நெஞ்சும் அந்த வழியிலேயே போகின்றது. ஆனால் போன இடத்தில் அது மறிக்கப்படுகின்றது. உலகத்துச் சிறப்பைத் தேடி இக்குழந்தை வரவில்லை, நமக்குப் பதிலாகத் துன்புறவே வந்தது என்னும் நினைவு எழுகின்றது. வைக்கோல் வைக்கோலாகவே இருந்துவிடுகின்றது. முடிவில் ஒரே ஒரு வேண்டுகோள்: தம் நெஞ்சே அக்குழந்தைக்கு முன்னணை ஆகட்டும் என்பது.

மலர் பரப்ப விரும்பியவனின் கையை வைக்கோல் தடுக்கின்ற அந்த இடத்திலேதான் கெர்ஹார்ட்டின் நத்தார் முழுவதும் இருக்கின்றது என்று நான் கருதுகின்றேன். அவர் துன்பத்தை மூடிவிட்டு மகிழவில்லை. துன்பத்தின் நடுவிலேயே தாம் மகிழ்வதற்குரியது கிடக்கின்றது என்று கண்டார். ஆனால் இதனை எழுதியபோது அவர் மணமாகாதவர், குழந்தை பெறாதவர். இதற்கு மூன்றாண்டுகளின் முன், 1650 இல், பேர்லின் குருவானவர் ஒருவரின் மகன் இறந்தபோது ஒரு கையறுநிலைப் பாடலும் பாடியிருந்தார். பிள்ளையை இழந்த தந்தையே பேசுவதாக அது அமைந்தது. பிள்ளை தன்னுடையவனே என்று உரிமை பேசத் தொடங்கும் தந்தை, மெல்ல மெல்ல, அவன் மேல் தன்னிலும் மூத்த உரிமையுடையார் ஒருவர் உளர் என்பதற்கு இணங்குகின்றான். பிறர் துயரத்தைத் தம் குரலில் ஏற்றுப் பேசும் வன்மை அவருக்கு இருந்தது. அத்துயரம் இன்னும் அவருடையதாகவில்லை.

1655 பெப்ரவரியில் அவர் மணம் செய்தார். தாம் வீட்டாசிரியராக இருந்த இல்லத்தின் மகள் அன்னா மரியா பேர்த்தோல்ட்டே மணமகள். மணமகனுக்கு வயது 47. மணமகளுக்கு முப்பதுக்கு மேல். 1656 இல் முதற் குழந்தை மரியா எலிசபெத் பிறந்தாள். அவ்வாண்டு நத்தாரின்போது அவ்வீட்டில் உயிருள்ள குழந்தையொன்று தொட்டிலில் இருந்தது. சில வாரங்கள் கழிந்து, 1657 ஜனவரியில், அக்குழந்தை இறந்தது.

மிற்றன்வால்டத் தேவாலயத்தில் பெற்றோர் அக்குழந்தைக்கு ஒரு சிறிய நினைவுப் பலகை வைத்தனர். அதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த திருமறை வாக்கியத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகின்றது. ஆதியாகமத்தின் 47 ஆம் அதிகாரத்தில், யாக்கோபு என்னும் முதியவர் எகிப்திய மன்னன் முன் நின்று, தம் வாழ்நாள் கொஞ்சமும் துன்பமுமானது என்று கூறுமிடம் அது. யாக்கோபுக்கு அப்பொழுது வயது 130. அவருடைய சொல்லை எடுத்து, ஒரு வயதும் நிறையாத பெண் குழந்தையின் பெயரோடு பொறித்தார்கள். தந்தை ஒரு கைதேர்ந்த புலவர். அந்நாட்டில் அவரினும் வல்லவர் இல்லை. இருந்தும் தம் பாட்டு எதனையும் அங்கே அவர் பொறிக்கவில்லை. வானவர் பற்றியோ வீடுபேறு பற்றியோ இனிய சொல்லொன்றும் அங்கே காணப்படவில்லை. முறைப்பாட்டுக்கு மிக அணித்தான ஒரு வாக்கியத்தையே அவர் வைத்தார். அவருடைய நம்பிக்கையில் முறைப்பாட்டுக்கும் இடம் இருந்தது போலும்.

அதே 1657 இல் பேர்லின் நிக்கொலாஸ் தேவாலயத்துக்குக் குருவாக அவர் அழைக்கப்பட்டார். பழைய நண்பர் குரூகரும் அங்கிருந்தார். புறத்தே பார்த்தால் வாழ்வின் சிறந்த காலம். ஆலயம் நிரம்பிவழிய மக்கள் அவர் பிரசங்கத்தைக் கேட்டனர். அகத்திலோ பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஐந்து பிள்ளைகளுள் 1662 இல் பிறந்த பவுல் பிரடெரிக் ஒருவனே உயிர் தப்பினான். அவ்வாண்டிலேயே குரூகரும் காலமானார்.

இனி வருவது அரசாங்கத்தோடு நேர்ந்த பிணக்கு. இதனைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரண்டன்பேர்க்கின் அரச குடும்பம் 1613 முதல் கல்வீனிய மார்க்கத்தைச் சேர்ந்தது. குடிமக்களோ லூதரின் வழியினர். இரு சாராரின் குருமாரும் பிரசங்க பீடங்களிலிருந்து ஒருவரையொருவர் வைது வந்தனர். கோமகன் பிரடெரிக் வில்லியம் இதனை நிறுத்தக் கருதி, 1664 இல், எதிர்ச் சபையை எவரும் தாக்கிப் பேசலாகாது என ஆணையிட்டு, குருமார் அதற்குக் கையொப்பமிட வேண்டுமென்றார். சமயச் சண்டையின் பேரழிவை நேரிற் கண்ட ஓர் ஆட்சியாளர் இவ்வாறு கட்டளையிட்டதில் நான் தவறு காணவில்லை. விந்தை என்னவெனில், கெர்ஹார்ட் எவரையும் வைதவரல்லர். ஆணையிலே தடுக்கப்பட்ட குற்றத்தை அவர் செய்ததேயில்லை. ஆனால், 1577 இல் வகுக்கப்பட்ட தம் சபையின் விசுவாச அறிக்கையைக் கைவிடுவதற்கு அக்கையொப்பம் ஒப்பாகும் என்று அவருடைய மனச்சாட்சி கூறிற்று. கையொப்பமிட மறுத்தார், 1666 பெப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்.

நகரமக்கள் பொறுக்கவில்லை. தொழிற் குழுவினரும் நகர சபையினரும் மனுவின் மேல் மனு அனுப்பினர். 1667 ஜனவரியில் கோமகன் இறங்கிவந்தார். கையொப்பம் வேண்டாம், பணிக்குத் திரும்பலாம், ஆணையின் கருத்துக்கு இசைய நடந்துகொண்டாற் போதும் என்றார். அந்த எதிர்பார்ப்பையும் கெர்ஹார்ட்டின் மனம் ஏற்கவில்லை. திறந்த கதவைத் தாமே மூடிக்கொண்டார். இன்றைய வாசகர் பலருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். எனக்கும் அவ்விறையியல் நுணுக்கத்தில் ஈடுபாடு இல்லை. ஆனால் ஊதியத்துக்காகத் தம் சொல்லின் பொருளைச் சற்றே வளைத்துக்கொள்ள மறுத்த ஒருவரின் பாட்டுக்கு ஒரு தனி எடை உண்டு.

பதவியற்றிருந்த அந்நாட்களிலே, 1666 இலும் 1667 இலும், குரூகருக்குப் பின் இசைத் தலைவரான யொகான் ஏபெலிங், கெர்ஹார்ட்டின் பாடல்கள் 120 ஐத் திரட்டி, பன்னிரண்டு பாடல்கள் கொண்ட பத்துப் பகுதிகளாக இசையமைத்து வெளியிட்டார். அவற்றுள் அதுவரை அச்சேறாத நத்தார்ப் பாடல் ஒன்றும் இருந்தது. சின்னஞ்சிறு அடிகள், குழந்தைகளும் பாடத்தக்க எளிமை, வாருங்கள், பிறந்தவரைப் போற்றுவோம் என்னும் அழைப்பு. 1653 இன் பாடலில் முன்னணையருகே தனியே நின்றவர், இங்கே பிறரைக் கூவி அழைக்கின்றார். அதனை அவர் எந்த ஆண்டில் எழுதியிருப்பினும், பிள்ளைகளைப் புதைத்த பின்னர், பிரசங்க பீடம் பறிபோன பின்னர், அதனை உலகுக்கு வெளியிட அவர் இசைந்தார். சத்திரத்துக் கதையிலும் பார்க்க இந்த ஒரு செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

அதற்குப் பின் மௌனம். 1668 மார்ச்சில் அன்னா மரியா நோயினால் இறந்தார். ஆறு வயதும் நிறையாத மகனுடன் கெர்ஹார்ட் தனித்தார். அவ்வாண்டே, சக்சனி அரச குடும்பத்தின் கிளையொன்று ஆண்ட பகுதியிலுள்ள லூபன் என்னும் சிறுநகரிலிருந்து அழைப்பு வந்தது. குருமனை குடியிருக்கத்தக்க நிலையில் இல்லாமையால் காலம் தாழ்ந்து, 1669 இலேதான் அவர் அங்கே பணியேற்றார். மனைவியின் சகோதரி, அவரும் ஒரு விதவை, உடன்சென்று வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. அவருடைய ஞானப்பாடல்களில் ஏறக்குறைய அனைத்தும் 1667 க்குள் அச்சேறிவிட்டன. லூபன் அவருக்குப் பாட்டின் ஊராக அமையவில்லை. நம்பிக்கையுள்ளவர் இறுதிவரை பாடிக்கொண்டேயிருப்பார் என்று எண்ணுவோருக்கு இது ஏமாற்றந் தரலாம். அவர் பிரசங்கித்தார், நோயாளரைப் பார்த்தார், மகனை வளர்த்தார், பாடவில்லை. பாடல்கள் முன்னமே எழுதப்பட்டு, பிறர் வாயில் ஒலித்துக்கொண்டிருந்தன. ஆலயத்தில் தாமே எழுதிய நத்தார்ப் பாடலைச் சபையோடு சேர்ந்து கேட்கும் நிலை அவருக்கு அங்கே வாய்த்திருக்கவும் கூடும்.

1676 மே 27 இல் அவர் காலமானார். லூபன் தேவாலயத்தில் அவருடைய உருவப்படம் ஒன்று உண்டு. சாத்தானின் சல்லடையிற் புடைக்கப்பட்ட இறையியலாளர் என்ற கருத்துடைய இலத்தீன் குறிப்பு அதிற் காணப்படுகின்றது. லூக்காவின் சுவிசேஷத்தில் பேதுருவுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை ஒட்டிய குறிப்பு அது. இன்று அவ்வாலயம் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவருக்குப் பின் அப்பாடல்கள் சென்ற வழியையும் ஒருவாறு கூறிவிடுகின்றேன். 1734 இல், லைப்சிக் நகரில், செபஸ்தியன் பாக் தம் பெரிய நத்தார் இசை நாடகத்தை இயற்றியபோது கெர்ஹார்ட்டின் பாடல் அடிகளைப் பல இடங்களில் அமைத்தார். வருகின்றவரை எவ்வாறு எதிர்கொள்வது என்று வினவும் திருவருகைப் பாடலுக்குக் குரூகர் முன்னரே ஓர் இசை அமைத்திருந்தார். பாக் அதனை விடுத்து வேறொரு மெட்டை எடுத்தார். சிலுவையிலே முள்முடி தாங்கிய தலையைப் பற்றிக் கெர்ஹார்ட் பாடிய பாடலுக்கு வழங்கிய மெட்டு அது! லைப்சிக் மக்கள் பெரிய வெள்ளியன்று கேட்டுப் பழகிய இசை, குழந்தை பிறப்பதற்கு முன்னரே அவர்கள் காதில் விழுந்தது.

பாக் இறப்பதற்குப் பத்தாண்டுகளின் முன், 1740 இல், யொகான் பிலிப் பப்ரீசியுஸ் என்னும் ஜேர்மன் குரு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அவரைத் தமிழ் அகராதியாலும் வேதாகம மொழிபெயர்ப்பாலும் நாம் அறிவோம். ஜேர்மன் ஞானப்பாடல்களை அவற்றின் மெட்டிலேயே பாடத்தக்கவாறு தமிழாக்கியவரும் அவரே. அவற்றுள் கெர்ஹார்ட்டின் பாடல்களும் அடங்கும். அழுத்தத்தை அளவாகக் கொண்ட யாப்பில் நேரும் நிரையுமாக நடக்கும் தமிழ்ச் சொற்களை அடைப்பது இடர்மிக்க வேலை. சில இடங்களில் தமிழ் நோகவே செய்கின்றது. ஆனால் மொழிபெயர்த்தவரும் சல்லடைக்குத் தப்பவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து, முதுமையிலே கடன் வழக்கிற் சிறைப்பட்டார். 1791 இல் அவர் இறந்தார்.

இன்னொரு சிறையைப் பற்றியும் சொல்லவேண்டும். டீற்றிக் பொன்ஹோபர் என்னும் லூதரன் குருவானவர், ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராக இயங்கியமைக்காக 1943 ஏப்ரில் 5 ஆம் நாள் கைது செய்யப்பட்டு, பேர்லின் டேகல் சிறையில் வைக்கப்பட்டார். நகரின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். கெர்ஹார்ட் பிரசங்கித்த நிக்கொலாஸ் தேவாலயமும் அப்போரிலே சிதைந்தது. 1980 களில் மீளக் கட்டப்பட்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றது. அவ்வாண்டு நத்தாருக்கு முந்திய வாரத்தில் பொன்ஹோபர் தம் நண்பர் எபெர்ஹார்ட் பேத்கேக்கு எழுதிய கடிதத்தில், முன்னணையருகே தனியே நிற்பவரின் பாடலைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நிலை சபையே என்று போதித்தவர் அவர். நான், எனது என்று உருகும் தனிப்பக்தியில் அவருக்கு முன்னர் பெரிய மதிப்பில்லை. அப்பாடலின் பொருள் தமக்கு இப்பொழுதுதான் புலப்பட்டது என்றும், நெடுநாள் தனித்திருந்து படித்தாலன்றி அது உள்ளே இறங்காது போலும் என்றும் அவர் எழுதினார்.

அடுத்த நத்தாரை அவர் இரகசியப் பொலிசாரின் நிலவறைச் சிறையிற் கழித்தார். 1945 ஏப்ரில் 9 இல், புளோசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். சிறையிலிருந்து அவர் எழுதியவற்றுட் பல, பொலிசாரின் கையிற் சிக்காதவாறு பேர்லினிலே ஒரு வீட்டுத் தோட்டத்தில் மண்ணுக்குள் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. பேத்கே அக்கடிதங்களைத் தொகுத்து 1951 இல் நூலாக வெளியிட்டார்.